சாவை மறைக்கும் காவல்

நன்மைக்காகச் சொல்லும் பொய்யை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு விடைகள் உண்டு. நாடு போனாலும் மனைவி மகனைப் பிரிந்தாலும் பொய் சொல்ல மாட்டேன் என்ற அரிச்சந்திரனை விடியவிடியக் கூத்தில் பார்த்து அழுத சமூகம் இது. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் வைக்கலாம் என்ற வள்ளுவரைப் பள்ளியில் படித்ததும் இதே சமூகம்தான். இரண்டையும் ஏற்றுக்கொண்டு வாழ்கிறோம். எது எங்கே செல்லும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டுப் பார்க்க ஒரு படக்கதை போதும் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தன் அறம் முழுவதையும் ஒரே ஒரு பொய்யின் மேல் கட்டிய நாயகர் ஒருவர், பல தலைமுறைச் சிறுவர்களின் அன்புக்கு உரியவராக இருந்து வருகிறார். தமிழில் சிலருக்கு அவர் வேதாளர், சிலருக்கு மாயாவி. லீ ஃபால்க் எழுத, ரே மூர் வரைய, 1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய தொடர் அது. இரண்டாம் உலகப்போர்க் காலம் முழுவதும் தொடர்ந்து வந்து, இன்று தேதி வரிசையில் தடித்த தொகுதிகளாக மறுபதிப்புக் காண்கிறது. அந்தத் தொகுதிகளை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தால், நல்லெண்ணப் பொய்யைப் பற்றி ஒரு தெளிவான முடிவுக்கு வர முடியும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

கதையின் அடித்தளம் தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். 1536இல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து ஓர் இளைஞன் மட்டும் பிழைத்துக் காட்டோரக் கடற்கரையில் ஒதுங்குகிறான். தாக்குதலில் தந்தையைப் பறிகொடுத்த அவனை, அந்தக் காட்டில் வாழும் பந்தர் என்ற குள்ளமான மக்கள் காப்பாற்றுகிறார்கள். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கை வைத்து, கொள்ளையையும் பேராசையையும் கொடுமையையும் அநீதியையும் ஒழிப்பதே என் வேலை, எனக்குப் பின் என் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள் என்று அவன் சபதம் எடுக்கிறான். அன்று முதல் தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியை, அதே இறுக்கமான உடையை, அதே மண்டையோட்டு மோதிரத்தை அணிந்துகொள்கிறார். வெளியுலகம் பார்ப்பது நானூறு ஆண்டுகளாக ஒரே ஆள். கதையில் நாம் சந்திப்பவர் 21ஆம் வேதாளர். காடு அவரைச் சாவே இல்லாதவர் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் அவருடைய உண்மையான ஆயுதம். இடுப்பிலிருக்கும் இரண்டு துப்பாக்கிகளைவிட, தாடையில் பதியும் மண்டையோட்டுத் தழும்பைவிட, இவனைக் கொல்ல முடியாது என்ற எண்ணமே எதிரியின் கையை நடுங்க வைக்கிறது. ஆக, இங்கே பொய் ஒரு சம்பவம் அல்ல. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் குடும்பச் சொத்து அது.

இந்தக் கதைகள் நம்மிடம் வந்து சேர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே வேதாளர் கதைதான். 1990இல் நிற்கும்வரை 803 இதழ்கள் வந்தன. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளிலும் வந்தன. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தினத்தந்தி குழுமம் தொடங்கிய ராணி காமிக்ஸும் அவரைத் தமிழில் வளர்த்தன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய புத்தகக் குவியல்களில் இன்று அகப்படும் பிரதிகள் எப்படி இருக்கும் என்பது தேடுபவர்களுக்குத் தெரியும்: பின் துருவேறி, அட்டை கழன்று, கடைசி இரண்டு பக்கம் போய், கொலைகாரன் யார் என்று தெரியாமலே முடிந்துவிடும். 2010இல் அமெரிக்காவின் ஹெர்மிஸ் பிரஸ் நாளிதழ்த் துண்டுகளை முதல் நாளிலிருந்து தொகுதிகளாகக் கொண்டுவரத் தொடங்கியது. தமிழிலும் லயன்–முத்து குழுமம் அண்மை ஆண்டுகளில் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் ஆகியோரைக் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக மீட்டுத் தந்திருக்கிறது. கிழிந்த இதழ் ஒரு சாகசத்தைக் காட்டும். தொகுதி ஒரு நாயகரின் நடத்தையைக் காட்டும். வருடக்கணக்கான நடத்தையைப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும்.

தொகுதியில் முதலில் கண்ணில் படுவது ஒரு திரும்பச் சொல்லல். நாளிதழுக்குத் தினமும் புதிய வாசகர் வருவார் என்பதால், ஃபால்க் சில மாதங்களுக்கு ஒருமுறை பழங்கதையை மீண்டும் சொல்கிறார்: கப்பல், கொள்ளையர், சபதம், தலைமுறைகள், குகைக்குள் வரிசையாக இருக்கும் முன்னோர் கல்லறைகள். அதாவது வாசகருக்கு உண்மை ஓயாமல் சொல்லப்படுகிறது. இவர் மனிதர், இவர் சாவார், இவருக்கு முன் இருபது பேர் செத்துவிட்டார்கள். அதே பக்கத்தில், அதற்கடுத்த கட்டத்தில், காட்டு மக்கள் அவரைச் சாகாதவர் என்று வணங்கி ஒதுங்குகிறார்கள். நியூயார்க்கில் காலைக் காப்பியோடு இதைப் படித்தவருக்குத் தெரிந்த உண்மை, அந்தக் காவலின் கீழ் வாழும் கிழவிக்குத் தெரியாது. கதைக்குள்ளும் இதே பிளவு. பந்தர் மக்களுக்கும் அவர்கள் தலைவர் குரானுக்கும் ரகசியம் தெரியும். காதலி டயானாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. பொய் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படவில்லை. அறியத் தகுந்தவர், அறியத் தகாதவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்த பிறகு, ஒரு பகுதிக்கு மட்டும் சொல்லப்படுகிறது.

வள்ளுவரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். வாய்மை அதிகாரத்தின் முதல் குறள், பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறது. இரண்டாவது குறள் பொய்க்கும் இடம் தருகிறது, ஆனால் ஒரு கடும் நிபந்தனையோடு: விளையும் நன்மையில் குற்றம் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது குறள் உடனே திரும்பி, நெஞ்சறிந்த பொய்யைச் சொல்லாதே, சொன்னால் உன் நெஞ்சே உன்னைச் சுடும் என்கிறது. வசதிக்காக இரண்டாவது குறளை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால், விதிவிலக்கின் வாசல் எவ்வளவு குறுகலானது என்பது புரியும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் அங்கே இருக்கிறது. விளைந்த நன்மையில் குற்றம் இல்லை என்று யார் சொல்வது? பொய்யைச் சொன்னவரே சொன்னால், குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக உட்கார்ந்ததாக ஆகும். சொல்லத் தகுந்தவர் அந்தப் பொய்யின் கீழ் வாழ்ந்தவர்தான். அவர் சொல்ல வேண்டுமானால் முதலில் அது பொய் என்று அவருக்குத் தெரிய வேண்டும். வேதாளரின் ஏற்பாட்டில் அந்த நாள் வரவே வராது. வந்தால் காவல் போய்விடும் என்பதுதான் ஏற்பாட்டின் சாரம்.

வேதாளர் தரப்புக்கு வலுவான வாதம் இருக்கிறது. அதை முழுமையாகவே சொல்லிவிட வேண்டும். அவர் ரத்தவெறி கொண்டவர் அல்ல. பெரும்பாலும் எதிரியின் கையிலுள்ள ஆயுதத்தைச் சுட்டுத் தட்டிவிடுவாரே தவிர ஆளைக் கொல்வதில்லை. பிடித்தவர்களைச் சட்டத்திடம் ஒப்படைக்கிறார். குகையில் குவிந்த செல்வத்தைத் தன் சுகத்துக்குச் செலவிடுவதில்லை. ஒரு பேரைச் சொன்னதும் கலவரம் அடங்குமானால், அந்தப் பேருக்குப் பின்னால் இருப்பது கட்டுக்கதை என்பதற்காக அதைக் கைவிட்டு, சண்டையில் நூறு பேர் சாகட்டும் என்று விடுவது அறமா? காவல்துறையும் அச்சத்தை வைத்துத்தானே ஒழுங்கைக் காக்கிறது? இதற்கு விடை, அச்சம் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. காவலரைக் கண்டு திருடன் பயப்படுவது சட்டம், வழக்கு, சிறை என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களால். அவற்றை விளக்கிச் சொன்னால் அந்தப் பயம் குறையாது. வேதாளர்மேல் உள்ள பயமோ, உண்மையைச் சொன்ன கணத்தில் கரைந்துவிடும். வெளியே சொன்னால் தோற்றுப்போகிற திட்டம் பிறர் உரிமையைத் தொடுமானால் அது அநீதியானது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1795இல் எழுதினார். வேதாளரின் தனிப்பட்ட ஒழுக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தச் சோதனையில் அது உதவாது. நல்லவர் கையில் இருக்கிறது என்பதால் கேள்வி கேட்க முடியாத அதிகாரம் நல்லதாகிவிடாது. அடுத்த தலைமுறையில் 22ஆம் வேதாளர் கெட்டவராக வந்தால், காட்டு மக்களுக்கு ஆள் மாறியதே தெரியாது.

ஃபால்க் இந்தச் சிக்கலை உணராதவர் அல்லர். அவர் படைத்த காட்டு ரோந்துப் படையில் தளபதி யாரென்று வீரர்களுக்கே தெரியாது. ஒரு பெட்டகத்தின் வழியாகத்தான் உத்தரவு வரும். காலனிகள் விடுதலை பெற்ற காலத்தில் அவர் வேதாளரின் காடு இருக்கும் கற்பனை நாட்டுக்கு லமாண்டா லுவாகா என்ற கறுப்பினக் குடியரசுத் தலைவரையும் கொடுத்தார். தேர்தலில் வென்ற நேர்மையான தலைவர் வந்துவிட்டார். வேதாளர் அவருக்கு நண்பராகவும் இருக்கிறார். ஆனாலும் முகமூடி கழலவில்லை, கதை முன்போலவே ஓடுகிறது. அவசரகாலத்தில் வேறு வழியில்லை என்று தொடங்கிய பொய், அவசரம் தீர்ந்த பிறகும் வேலையை விடுவதில்லை என்பதற்குத் தொகுதிகளில் இதைவிட நல்ல சான்று கிடையாது.

அவசரம் என்றதும் போர் நினைவுக்கு வரும். 1942 பிப்ரவரி முதல் 1943 ஜனவரி வரை நாளிதழ்களில் ஓடிய நெடுங்கதையில் ஜப்பானியப் படை வேதாளரின் காட்டுக்குள் நுழைகிறது; அவர் காட்டு மக்களைத் திரட்டிப் போரிடுகிறார். அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்த அதே 1942 ஏப்ரலில் உண்மையான ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவில் இருந்தது. 5ஆம் தேதி கொழும்பிலும், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசு அறிவிக்க, நகரம் காலியாயிற்று. மூர்மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைக் குண்டுவீச்சில் தப்பி ஓடிவிடுமோ என்று சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. கதையில் ஒருவர் மர்மத்தை வைத்து மக்களுக்குத் துணிவூட்டினார். நிஜத்தில் முழு உண்மை தெரியாத நிலைதான் மக்களைக் கலங்கடித்தது. ஆபத்து நேரத்தில் உண்மையை மறைக்கலாம் என்பார்கள். ஆனால் சொன்னதைச் சரிபார்க்க வழியே இல்லாத நேரமும் அதுதான். எனவே உண்மை மிகத் தேவைப்படும் நேரமும் அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பாடத்தைத் தென்சென்னை மறுபடி படித்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. அங்கிருந்து அனகாபுத்தூர் வழியாகச் சைதாப்பேட்டை தாண்டிக் கடல்வரை கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் பின்னால் கேட்ட கேள்வி, எவ்வளவு நீரை எப்போது திறந்தீர்கள், எங்களிடம் எப்போது சொன்னீர்கள் என்பதுதான். காப்பாற்றுகிறவரின் நல்லெண்ணத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாரா என்றுதான் பார்த்தார்கள்.

இங்கே மதத்தின் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு வரும். செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர் போன்ற ஏரிக்கரை ஊர்களைச் சென்னை விழுங்குவதற்கு முன்பே எல்லையைக் காத்தவர்கள் எல்லையம்மனும் முனீஸ்வரனும்தானே? இரவில் குதிரையேறி வலம் வருகிறார் அய்யனார் என்ற நம்பிக்கை எத்தனை களவைத் தடுத்திருக்கும்? வேதாளரைப் பொய் என்றால் காவல் தெய்வங்களையும் பொய் என்பீர்களா? இந்த மறுப்பு மேலோட்டமானதல்ல. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெய்வங்களின் கதைகளே காட்டுகின்றன. காவல் தெய்வத்தின் கதையைச் சொல்கிறவரும் நம்புகிறார், கேட்கிறவரும் நம்புகிறார். தனக்கு மட்டும் உண்மை தெரியும் என்று திரைக்குப் பின்னால் நிற்கும் ஆள் அதில் கிடையாது. அதைவிட ஆழமான வேறுபாடு சாவைப் பற்றியது. மதுரை வீரனும் காத்தவராயனும் முத்துப்பட்டனும் எப்படித் தெய்வமானார்கள்? செத்ததால், அதிலும் அநியாயமாகக் கொல்லப்பட்டதால். மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கிய கதையை மறைத்துவிட்டு அவரைக் கும்பிட முடியாது. கும்பிடுவதே அந்தக் கதையைச் சொல்லித்தான். நடுகல்லும் அப்படியே. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனைக் கல்லில் செதுக்கி, பேரையும் செயலையும் எழுதி, போகிறவர் வருகிறவர் பார்க்க வெட்டவெளியில் நட்டார்கள். வேதாளரின் இருபது முன்னோர்கள் குகைக்குள் யாரும் பார்க்காத கல்லறைகளில் படுத்திருக்கிறார்கள். அவருடைய வலிமை தன் சாவை மறைப்பதில் இருக்கிறது. நம் காவல் தெய்வங்களின் வலிமை, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருப்பதில் இருக்கிறது. முன்னது கேள்வியை அடைக்கிறது. பின்னது யார் கொன்றார், ஏன் கொன்றார் என்ற கேள்வியை ஒவ்வொரு கொடையிலும் திரும்ப எழுப்புகிறது.

வெளியிலிருந்து வரும் காவலருக்கும் அவர் காக்க வந்த மக்களுக்கும் நடுவிலுள்ள இந்தக் கணக்கை, வேதாளர் பிறந்து ஏறத்தாழ மூன்று ஆண்டு கழிந்து, சென்னையை அடுத்த தாம்பரத்தில் வேறொரு மொழியில் விவாதித்தார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் உலகச் சமயப்பணி மன்றத்தின் மாநாடு கூடியது. பல கண்டங்களிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட பேராளர்கள் வந்தார்கள். டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்காகவே எழுதிய நூலில், கிறிஸ்துவில் வெளிப்பட்ட உண்மை மற்றச் சமயங்களின் தொடர்ச்சி அல்ல, மேலிருந்து இறங்கியது என்று வாதிட்டார். சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான பி. செஞ்சையா, வி. சக்கரைச் செட்டியார் முதலியோர் அதே ஆண்டில் தங்கள் கட்டுரைகளைத் தனி நூலாக வெளியிட்டு எதிர்க்குரல் எழுப்பினார்கள். பெற்றுக்கொண்டவர்களுக்கும் புரிந்துகொள்ளும் உரிமை, வாதிடும் உரிமை உண்டு என்பதுதான் அவர்கள் நிலைப்பாட்டின் உயிர். கிரேமர் சொன்னது பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அவர் தன் நம்பிக்கையை ஒளிக்காமல் அச்சிட்டே வைத்தார். அதனால்தான் செஞ்சையாவால் பதில் சொல்ல முடிந்தது. மேலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் உண்மைகூட, வெளிப்படையாகச் சொல்லப்பட்டால் எதிர்வாதத்துக்கு இடம் தருகிறது. நல்லெண்ணப் பொய் அந்த இடத்தையும் தருவதில்லை.

பதில் சொல்லும் உரிமை என்றால் என்ன என்பதைத் தமிழில் கம்பனைப் போல் காட்டியவர் இல்லை. இராமன் மறைந்து நின்று வாலியை எய்தான். அறத்தின் நாயகன் செய்த காரியம் என்று கம்பன் அதை அவசரமாகக் கடந்து போகவில்லை. மார்பில் அம்போடு கிடக்கும் வாலிக்கு நீண்ட பேச்சைக் கொடுத்தார். இராமனின் குலத்தையும் வில்லையும் நேர்மையையும் வரிசையாகக் கேள்விக்குள்ளாக்க விட்டார். ஏன் மறைந்து எய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இலக்குவன் வர வேண்டியதாயிற்று. வாலி முடிவில் சமாதானம் அடைகிறான். அவன் மனம் மாறியது நியாயமா இல்லையா என்று பட்டிமன்றங்கள் இன்றும் ஓயவில்லை. ஓயாமலிருப்பதே கம்பனின் வெற்றி. தவறு நடந்திருக்கலாம் என்ற வாய்ப்பை அவர் காப்பியத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். மறைந்து நின்ற ஒரு செயலை அறத்தின் எல்லைக்குள் வைத்திருப்பது, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் அழியாமல் இருப்பது ஒன்றுதான். வேதாளரின் காட்டில் வாலிக்கு வாய் கிடையாது. ஏமாற்றப்பட்டவர் தான் ஏமாற்றப்பட்டதை அறியாததால், அவர் தரப்பு என்று ஒன்று உருவாகவே இல்லை.

இப்போது மறுபதிப்பின் கேள்விக்கு வரலாம், ஏனென்றால் பதிப்பாளரும் ஒருவகையில் அதே இடத்தில் நிற்கிறார். 1930களின் மூலப் பக்கங்களில் காட்டு மக்கள் கேலிச்சித்திரங்களாக இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வந்தால்தான் ஒழுங்கு வரும் என்ற எண்ணம் எங்கும் ஓடுகிறது. கொள்ளையர் கூட்டத்துக்குச் சிங் சகோதரர்கள் என்று பெயர்; ஒரு வேதாளரைக் கொன்றவன் பெயர் ராமா. இந்திரஜால் ஆசிரியர்கள் இவற்றை இந்திய வாசகருக்குத் தர மனமின்றி, சிங்கை சிங்கா என்றும், ராமாவை ராமாலு என்றும், பெங்காலி என்றிருந்த நாட்டை டென்காலி என்றும் மாற்றினார்கள். பக்கத்துக்குள் அடங்காத கட்டங்களை வெட்டினார்கள். நோக்கம் நல்லதுதான், யாரும் புண்படக் கூடாது. ஆனால் இதுவும் நன்மைக்காகச் சொன்ன பொய். வேதாளர் கதையைத் தந்த இதழ், வேதாளர் காட்டுக்குச் செய்ததையே வாசகருக்குச் செய்தது. விளைவாக, நம்மைப் பற்றி அந்தப் படக்கதை என்ன நினைத்தது என்பதை அறியாமலே இரண்டு தலைமுறை இந்தியச் சிறுவர்கள் அதை நேசித்தார்கள். அந்த நேசம் போலியானது என்று சொல்ல மாட்டேன். தெரிந்து நேசிக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அப்படியானால் இனவெறிப் பக்கங்களை இன்று எதற்கு அச்சிட வேண்டும், சிறுவர் கையில் நஞ்சைக் கொடுப்பதா என்று கேட்கலாம். சிறுவருக்கான பதிப்பைச் சுருக்குவதிலோ தேர்ந்தெடுப்பதிலோ தவறில்லை, சுருக்கினோம் என்று முகப்பிலேயே சொல்லும்வரை. குற்றம் வெட்டியதில் இல்லை, வெட்டியதை மறைத்ததில்தான் இருக்கிறது. பெரியவர்கள் விலை கொடுத்து வாங்கும் தொகுப்பில் மூலம் மூலமாகவே இருக்க வேண்டும். அது எந்த ஆண்டில், எந்தக் கண்ணோட்டத்தில் பிறந்தது என்று முன்னுரை சொல்ல வேண்டும். முழுமையான தொகுதி நாயகரின் குறையை மட்டுமல்ல, ஆசிரியரின் தடுமாற்றத்தையும் காட்டும். முதல் கதையில் ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞர் வருகிறார். அவரைத்தான் முகமூடிக்குப் பின்னால் வைக்க ஃபால்க் முதலில் எண்ணியிருந்தார். கதை ஓடும்போதே எண்ணத்தை மாற்றி, நானூறு ஆண்டுப் பரம்பரையைப் புனைந்தார். வெல்ஸ் அறுந்த நூலாக அங்கேயே தொங்குகிறார். அதை வெட்டி எறியாமல் அச்சிட்டதால்தான், சாகாத வேதாளர் என்ற புராணம் எந்த வாரத்தில், யார் கையால் பிறந்தது என்பதை நாம் கையும் களவுமாகப் பிடிக்க முடிகிறது.

வேதாளர் கதைக்குள்ளேயே இதற்கான ஒப்புதல் இருக்கிறது என்பதைக் கவனித்தால் வாதம் முழுமை பெறும். ஒவ்வொரு வேதாளரும் தன் காலத்துச் செய்திகளைக் கைப்பட எழுதிக் குகையில் அடுக்கி வைக்கிறார். வாரிசு அவற்றைப் படித்துத்தான் பயிற்சி பெறுகிறார். ஊருக்குப் பொய் சொன்ன பரம்பரை தனக்குள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையான பதிவு இல்லாமல் ஒரு நீதிமான்கூடத் தன் வேலையைச் செய்ய முடியாது என்று அந்த ஏடுகள் ஒப்புக்கொள்கின்றன. அவற்றின் ஒரே குறை, படிக்கும் உரிமை ஒரு குடும்பத்துக்கு மட்டும் இருப்பது. இதிலிருந்து நல்லெண்ணப் பொய்க்கு ஒரு விதி கிடைக்கிறது. நோயாளியிடம் மருத்துவர் ஒரு நாள் தள்ளிச் சொல்வதும், பீதியைத் தவிர்க்க ஓர் அதிகாரி ஒரு மணிநேரம் மௌனமாக இருப்பதும் மன்னிக்கத் தக்கவையாகலாம். ஆனால் மன்னிக்க வேண்டியவர் ஏமாற்றப்பட்டவர்; அவர் மன்னிக்க வேண்டுமானால் பொய்க்கு ஒரு கெடு வேண்டும், கெடு முடிந்ததும் முழுப் பதிவும் அவர் கைக்கு வர வேண்டும். கெடுவும் பதிவும் இல்லாத பொய், எத்தனை உயிரைக் காத்திருந்தாலும், வள்ளுவர் திறந்த குறுகிய வாசலுக்குள் நுழையாது. பழைய படக்கதையைக் குறை நிறைகளோடு முழுமையாக அச்சிடும் பதிப்பாளர் செய்வது நினைவு ஏக்க வியாபாரம் மட்டுமல்ல. குகையில் இருந்த ஏட்டை அவர் தெருவுக்குக் கொண்டுவருகிறார். வேதாளரை நேசிப்பவர்கள் பதிப்பாளரிடம் கேட்க வேண்டியது தாளின் தரத்தையும் வண்ணத்தையும் மட்டுமல்ல. எதை மாற்றினீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்பதைப் புத்தகத்திலேயே எழுதுங்கள் என்றும் கேட்க வேண்டும்.